தவறாமல் வருகிறவரைப் பற்றி: குழு நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வாசிப்பு வட்டமோ பாடகர் குழுவோ, நடைப்பயிற்சிக் கூட்டமோ தன்னார்வலர் அணியோ, எதுவானாலும் சரி, பத்து முப்பது பேரை வாரந்தோறும் ஓரிடத்தில் சேர்த்துவைக்கும் பொறுப்பு உங்களுடையது. அது லேசான வேலை இல்லை என்று எங்களுக்குத் தெரியும். மனநல ஆலோசனையிலும், குழு நடத்துகிறவர்களுக்குப் பயிற்சி தருவதிலும் இருக்கிற நாங்கள் உங்கள் குழுவில் இருக்கும் ஒருவரைப் பற்றி எழுதுகிறோம். வராமல் நின்றுபோனவரைப் பற்றி அல்ல. ஒரு வாரம்கூடத் தவறாமல் வருகிறவரைப் பற்றி.

வராதவரை நீங்கள் கவனித்துவிடுவீர்கள். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருக்கும், யாராவது கேட்பார்கள், நீங்களும் கூப்பிட்டு விசாரிப்பீர்கள். இவருடைய கட்டங்களோ எல்லாம் நிரம்பியிருக்கின்றன. நேரத்துக்கு வருகிறார், நாற்காலி போடுகிறார், எல்லாரும் சிரிக்கும்போது சிரிக்கிறார். முடிந்து வெளியே போகும்போது, 'நான் வராவிட்டாலும் இன்று இதெல்லாம் இப்படியேதான் நடந்திருக்கும்' என்ற நினைப்போடு போகிறார். பத்தோடு பதினொன்றாக இருப்பது அவருக்குப் பழகிவிட்டது. பழகியதால் வலி குறைந்துவிடவில்லை.

இப்படி ஒருவர் இருப்பது தெரியவந்ததும், நல்ல மனம் உள்ள ஒருங்கிணைப்பாளர் செய்கிற முதல் காரியம் இன்னொரு நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்வது. ஒரு சுற்றுலா, ஒரு விளையாட்டு மாலை, ஓர் ஆண்டு விழா. அதனால் ஏன் பயன் இல்லை என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973-லேயே பிரித்துக் காட்டினார். பழகுவதற்கு ஆட்களே இல்லாத தனிமை வேறு. சுற்றி ஆட்கள் இருந்தும் மனம் ஒட்டுவதற்கு ஒருவர் இல்லாத தனிமை வேறு. முன்னதைச் சமூகத் தனிமை என்றும் பின்னதை உணர்வுத் தனிமை என்றும் சொல்லலாம். ஒன்றின் குறையை மற்றதைக் கொண்டு நிரப்ப முடியாது என்பதுதான் அவர் சொன்னதில் நமக்கு முக்கியம். தாகத்தில் தவிக்கிறவருக்குப் போர்வை போர்த்திவிடுகிற கதைதான் இது. தனிமையை அளக்க உலகெங்கும் பயன்படுகிற, கலிஃபோர்னியாவில் 1978-ல் உருவான 20 கேள்விப் படிவத்தின் இன்றைய வடிவத்திலும், 'சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் என்னோடு இல்லை என்று எவ்வளவு அடிக்கடித் தோன்றுகிறது?' என்ற கேள்வி தனியாகவே இருக்கிறது. இன்னும் பத்துப் பேரை அழைத்துவந்தால் சுற்றிலும் இருப்பவர்கள் கூடுவார்கள், அவ்வளவுதான்.

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் செய்கிற எல்லாம் பழி சொல்வதில் போய் முடிகிறது. நீண்ட நாள் ஒட்டாமல் இருக்கிற மனம் எச்சரிக்கையாகிவிடும். தனிமை ஆய்வில் பல ஆண்டுகள் செலவிட்ட ஜான் கசியோப்போ இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: தனிமை உணர்வு, பசி போல ஒரு சமிக்ஞை, ஆனால் நீடித்தால் அது மனிதரை எங்கே ஆபத்து இருக்கிறது என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருக்கிறவராக்கிவிடுகிறது. யாரோ கைபேசியைப் பார்த்தால் 'நான் பேசுவது சலிக்கிறது' என்று படுகிறது. களைப்பாக இருக்கிற முகம் கோபமாகத் தெரிகிறது. அதனால் அவர் ஒரு அடி பின்வாங்குகிறார். எதிரில் இருப்பவரோ, 'இவருக்கு நம்மோடு பழக விருப்பம் இல்லை போலிருக்கிறது, தொந்தரவு செய்யக்கூடாது' என்று மரியாதையாக ஒரு அடி விலகுகிறார். விலகியதைப் பார்த்ததும் இவருக்கு நினைத்தது சரி என்று உறுதியாகிவிடுகிறது. இரண்டு பக்கமும் நாகரிகமாக நடந்துகொண்டே ஓர் ஆண்டில் பெரிய இடைவெளியை உண்டாக்கிவிடுகிறார்கள்.

2011-ல் கிறிஸ்டோஃபர் மாஸியும் கசியோப்போவும் பிறரும் தனிமையைக் குறைக்கும் முயற்சிகளைத் தொகுத்து ஒப்பிட்டார்கள். ஆட்களைச் சந்திக்கும் வாய்ப்பைக் கூட்டுவதைவிட, இந்தத் தவறான கணிப்பைச் சரிசெய்கிற முயற்சிகளே நன்றாகப் பலன் தந்தன. கணிப்பு தவறு என்பதற்கும் சான்று உண்டு. எரிக்கா பூத்பியும் அவருடைய கூட்டாளிகளும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக உரையாடி முடித்தவர்கள் எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதை உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிட்டார்கள். 2021-ல் குழுக்களிலும் அணிகளிலும் பார்த்தபோதும் அதே இடைவெளிதான். ஆக, உங்கள் குழுவில் அவரைப் பலருக்குப் பிடித்திருக்கலாம். அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ப்பதற்கு வழி செய்வது உங்கள் வேலை.

முதலில் அவர் யார் என்று கண்டுபிடியுங்கள். பதிவேட்டைத் திறக்காமல், ஒரு தாளில் உறுப்பினர் பெயர்களை நினைவிலிருந்து எழுதுங்கள். எந்த வரிசையில் எழுதுகிறீர்கள் என்பதே ஒரு தகவல். கடைசியில் வருகிற நாலைந்து பெயர்களையும், பிறகு பதிவேட்டைப் பார்த்துச் சேர்க்க வேண்டியிருந்த பெயர்களையும் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள். குழு வேலை அல்லாத காரணத்துக்காக இவரைத் தொலைபேசியில் கூப்பிடுகிற உறுப்பினர் யார்? இவர் வாழ்க்கையில் இப்போது நடந்துகொண்டிருக்கிற, குழுவோடு சம்பந்தமில்லாத ஒரு விஷயம் என்ன? கடைசியாக இவர் வராதபோது அதைக் கவனித்துச் சொன்னவர் யார்? இருபது பேர் குழுவுக்கு அரை மணி நேரம் போதும்.

மூன்றும் காலியாக இருக்கிற பெயர்கள் உங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். அவற்றில் சில நீங்கள் நினைத்தேயிராத பெயர்களாக இருக்கும், ஏனென்றால் நாம் தேடுவது மூலையில் உட்கார்ந்திருப்பவரை. அவர் மூலையில் இருக்க வேண்டியதில்லை. கணக்குப் பார்க்கிறவராக, புகைப்படம் எடுக்கிறவராக, எல்லாரையும் சிரிக்க வைக்கிறவராகக்கூட இருக்கலாம். இன்னொன்று: முக்கால்வாசிப் பேருக்கு இரண்டாம் கேள்வி காலியாக இருந்தால், சிக்கல் ஒருவருடையது அல்ல. உங்கள் குழுவில் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வதற்கு நேரமே ஒதுக்கப்படவில்லை. அந்தத் தாளை யாரிடமும் காட்டாதீர்கள், படம் எடுத்து அனுப்பாதீர்கள், வேலை முடிந்ததும் கிழித்துவிடுங்கள். 'உங்களுக்கு யாரோடு இருக்கப் பிடிக்கும், எழுதிக் கொடுங்கள்' என்று உறுப்பினர்களிடம் கேட்கிற வழியும் உண்டு. பயிற்சி இல்லாதவர்கள் அதைச் செய்ய வேண்டாம். யார் பெயரை யாரும் எழுதவில்லை என்பது எப்படியும் வெளியே கசிந்துவிடும்.

இனி, கூட்டம் நடக்கும்போது என்ன பார்ப்பது? கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கிய கணினிப் பந்து விளையாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் பந்தை மாற்றி மாற்றி எறிகிறார்கள். தொடக்கத்தில் உங்களுக்கும் ஓரிரு முறை வருகிறது, பிறகு வருவதில்லை. மற்ற இருவரும் தங்களுக்குள் எறிந்துகொள்கிறார்கள். சில நிமிடங்கள்தான், முகம் தெரியாதவர்கள், பரிசும் கிடையாது. அப்படியிருந்தும், சேர்ந்திருக்கிறோம் என்ற உணர்வு, தன்மதிப்பு, நம் கையில் ஏதோ இருக்கிறது என்ற நிச்சயம், நாம் இருப்பதற்குப் பொருள் உண்டு என்ற எண்ணம் ஆகிய நான்கும் சரிகின்றன. எதிரே ஆடுவது கணினிதான் என்று முன்கூட்டியே சொன்னபோதும் சரிந்தன என்று 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது. அறிவுக்குத் தெரிந்தாலும் மனம் கேட்பதில்லை.

உங்கள் கூட்டத்திலும் பந்து பறந்துகொண்டேதான் இருக்கிறது. பேசுகிறவர் யார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார், யார் பெயரைச் சொல்லிக் கேட்கிறார், யார் சொன்னதற்குத் துணைக்கேள்வி வருகிறது, யார் சொன்னது பத்து நிமிடம் கழித்து 'அவர் சொன்னதுபோல' என்று திரும்ப வருகிறது, இவையெல்லாம் எறிதல்கள். ஒரு கூட்டத்தில் இருபது நிமிடம் மட்டும், பேசப்படும் பொருளை விட்டுவிட்டு இந்த எறிதல்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் சொன்ன வாக்கியத்துக்குப் பிறகு சின்ன மௌனமும், உடனே வேறு பேச்சும் வருகிறதா என்று குறிப்பாகப் பாருங்கள். அவர் ஒரு கட்டத்தில் பாதி வாக்கியத்திலேயே நிறுத்திக்கொள்வார், யாரும் மீதியைக் கேட்க மாட்டார்கள். அந்த இடத்தில் நீங்கள் செய்ய வேண்டியது சிறியது: 'ஏதோ சொல்ல வந்தீர்களே, முடியுங்கள்.' இது ஒன்றைச் சரியான நேரத்தில் சொல்லத் தெரிந்த ஒருங்கிணைப்பாளர், பத்து விழா நடத்துகிறவரைவிடப் பயனுள்ளவர்.

'அதனால்தான் எல்லாரையும் வரிசையாகப் பேச வைக்கிறோமே' என்பீர்கள். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசுவது பார்க்கச் சமமாகத்தான் இருக்கிறது. நடப்பது வேறு. தன் முறை நெருங்க நெருங்க மனிதர் தான் பேசப்போவதைத்தான் மனத்துக்குள் ஒத்திகை பார்க்கிறார். தனக்குச் சற்று முன் பேசியவர் சொன்னதுதான் அவருக்கு மிகக் குறைவாக நினைவிருக்கிறது என்று மால்கம் பிரென்னர் 1973-ல் காட்டினார். பதினைந்து பேர் இருந்தால் முப்பது நிமிடம் போகிறது, ஒருவரும் ஒருவரையும் கேட்பதில்லை. மனம் ஒட்டாதவருக்கு இது இன்னும் மோசம். துணிந்து ஒரு விஷயம் சொல்லியிருப்பார், 'நன்றி, அடுத்தவர்' என்று பந்து நகர்ந்துவிடும். பேசாமல் இருந்ததைவிடப் பேசிப் பதில் கிடைக்காததுதான் அதிகம் சுடும்.

அதற்குப் பதில் நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். ஐந்து வேண்டாம். இயல்பாக நடக்கிற ஓர் உரையாடல் சுமார் நான்கு பேரைத்தான் தாங்கும் என்பதை ராபின் டன்பாரும் சக ஆய்வாளர்களும் 1995-லேயே கவனித்து எழுதினார்கள். ஐந்தாவது ஆள் வந்ததும் பேச்சு இரண்டும் மூன்றுமாகப் பிளக்கும், அல்லது ஒருவர் பார்வையாளராகிவிடுவார். அந்த ஒருவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். நான்கால் வகுபடாவிட்டால் மூன்று பேர் கொண்ட குழுக்களைச் சேர்த்துச் சரிக்கட்டுங்கள். பிரிப்பதை நீங்களே செய்யுங்கள். 'நீங்களே நாலு நாலாகச் சேர்ந்துகொள்ளுங்கள்' என்று சொல்லும் அந்த முப்பது விநாடி, இவருக்கு முழு மாலையிலும் கொடுமையான நேரம். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிப் பிரித்தால் யாரும் யாரையும் விட்டுவிட்டதாக ஆகாது. ஆளுக்கு மூன்று நிமிடம் பேச, இரண்டு நிமிடம் மற்றவர்கள் கேள்வி கேட்க. நான்கு பேருக்கு இருபது நிமிடம். கேள்வி கேட்கும் இரண்டு நிமிடம்தான் உயிர். நேரம் போதாவிட்டால் பேசுவதைக் குறையுங்கள், கேள்வியைக் குறைக்காதீர்கள். கேள்விகளுக்கு ஒரே விதி: அவர் சொன்னதிலிருந்து எழுந்ததாக இருக்க வேண்டும். அறிவுரை கிடையாது, 'எனக்கும் இப்படித்தான்' என்று பேச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதும் கிடையாது.

அதே நான்கு பேரைக் குறைந்தது ஆறு கூட்டங்களுக்கு மாற்றாதீர்கள். எல்லாரும் எல்லாரோடும் பழக வேண்டும் என்று வாராவாரம் கலைத்துப் போடுவது மிகப் பரவலான தவறு. ஒவ்வொரு வாரமும் முதல் பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். 'போன வாரம் தேர்வு என்றீர்களே, எப்படிப் போனது?' என்ற கேள்வி பிறப்பதற்கு, போன வாரம் இதே ஆள் இங்கே இருந்திருக்க வேண்டும். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

புதியவர்களின் கூச்சத்தைப் போக்குவதற்கென்று, 'பனி உடைக்கும்' (ஐஸ்பிரேக்கர்) விளையாட்டுகள் என்று சில உண்டு. கண்ணைக் கட்டிக்கொள்வது, விலங்குக் குரல் கொடுப்பது மாதிரியானவை. எங்களுக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. ஏற்கெனவே நெருக்கமாக இருப்பவர்கள் அவற்றில் கொண்டாடுகிறார்கள், மற்றவர்கள் முடியும்வரை காத்திருக்கிறார்கள்.

நேரத்தைப் பற்றி நேர்மையாக இருக்க வேண்டும். அறிமுகமானவர் ஓரளவு நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லும் நிலைக்குச் சுமார் 90 மணி நேரமும், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகிறது என்று ஜெஃப்ரி ஹால் 2018-ல் கணக்கிட்டார். வாரம் இருபது நிமிடம் என்றால் 50 மணி நேரம் சேர மூன்று ஆண்டு வேண்டும். மேடையைப் பார்த்தபடி பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கழிந்த நேரத்தை நாங்கள் இதில் சேர்க்க மாட்டோம். எனவே கூட்டத்துக்கு வெளியேயும் இரண்டிரண்டு பேருக்கு வேலை கொடுங்கள். அறையைத் திறந்து நாற்காலி போடுவது இருவர், பொருள் வாங்கப் போவது இருவர், அறிவிப்பு எழுதுவது இருவர். ஒருவர் தனியாக அரை மணியில் முடிக்கிற வேலையை இருவர் முக்கால் மணி நேரம் செய்வார்கள். அந்த அதிகப்படி கால் மணி நேரம் வீண் இல்லை. தோளோடு தோள் நின்று கை வேலையாக இருக்கும்போது, முகத்துக்கு நேர் முகம் உட்கார்ந்தால் வராத பேச்சு வரும்.

இப்போது, வேலைக்குள் ஒளிந்திருப்பவருக்கு வருகிறோம். இவரைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகக் கவலை. கணக்கு இவர் கையில், சாவி இவர் கையில், ஒலிபெருக்கி இவர் கையில். 'நீங்கள் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது' என்று எல்லாரும் பாராட்டுகிறார்கள். அவருக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது: இந்த வேலை இல்லாவிட்டால் நான் இங்கே இல்லை. இடைவேளையில் மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க இவர் கம்பி சுருட்டிக்கொண்டிருப்பார். யாராவது உதவ வந்தால், 'பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பார். அந்த வேலை அவருக்கு நிழலும் தருகிறது, சுவராகவும் நிற்கிறது. சுவர் என்பதற்காக ஒரே நாளில் பிடுங்கிவிடக்கூடாது. முன்னறிவிப்பில்லாமல் பொறுப்பை மாற்றினால், கடைசியாக இருந்த பிடியும் போய்விட்டதாக நினைத்து அடுத்த மாதமே நின்றுவிடுவார்.

தனியாகக் கூப்பிட்டுக் காரணத்தை முதலில் சொல்லுங்கள்: 'இடைவேளையில் உங்களோடு பேச முடிவதே இல்லை. அதற்காக இரண்டு வாரம் சாவியை நான் வைத்துக்கொள்கிறேன்.' பிறகு இன்னொருவரை அவரோடு சேர்த்து விடுங்கள். அவரிடம் வேலையைக் கற்றுக்கொள்ள, அவருக்கு உதவ அல்ல. கற்றுக்கொடுக்கிறவராக இருப்பது அவருக்கு எளிது. பொறுப்புகள் எல்லாமே மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறும் என்று குழு முழுவதற்கும் விதி இருந்தால் இன்னும் நல்லது, அப்போது அவரைக் குறிவைத்ததாக இருக்காது. கையில் வேலை இல்லாத முதல் இரண்டு மூன்று கூட்டங்களில் அவர் நிலைகொள்ளாமல் தவிப்பார், சீக்கிரம் கிளம்புவார். அதை எதிர்பார்த்து அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

இந்த இடத்தில் உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாரும் உங்களிடம் சொல்கிறார்கள், உங்களிடம் யார் கேட்கிறார்கள்? நாங்கள் எழுதச் சொன்ன தாளில் உங்கள் பெயரையும் எழுதி அந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதிப் பாருங்கள். குழு நடத்துகிறவர் அந்தக் குழுவிலேயே ஒட்டாமல் இருப்பது அபூர்வம் அல்ல. நால்வர் வட்டத்தில் நீங்களும் ஒருவராக உட்காருங்கள், நேரம் பார்க்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு.

வாட்ஸ்அப் குழுவில் கவனிக்க வேண்டியவை சில. முப்பது பேர் இருக்கிற இடத்தில் ஒருவர் எழுதியதற்குப் பதில் வராமல் போவதற்குக் காரணம் வெறுப்பு அல்ல. யாராவது பதில் போடுவார்கள் என்று எல்லாரும் நினைப்பதுதான். பார்ப்பவர்கள் கூடக்கூட உதவி குறைகிறது என்று ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968-ல் காட்டியதுதான் இங்கேயும் நடக்கிறது. வாரம் ஒருவர் என்று முறை வைத்து, பதில் இல்லாமல் 24 மணி நேரம் கிடக்கிற செய்திக்கு அவர் பதில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் படம் போதாது, ஒரு வாக்கியம் வேண்டும். அடுத்தது, நாலைந்து பேர் தனியாக வைத்திருக்கிற சிறு குழு. அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் அங்கே எடுத்த முடிவு அடுத்த கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் எல்லார் முன்னும் சொல்லப்பட வேண்டும். தனக்குத் தெரியாமல் எல்லாம் முடிந்திருப்பதைப் போகிற போக்கில் தெரிந்துகொள்வது போல ஒருவரை வெளியே நிறுத்துவது வேறில்லை. பழைய வேடிக்கைகளும் அப்படித்தான்; ஐந்து வருடத்துக்கு முந்தைய சம்பவத்தைச் சொல்லி எல்லாரும் சிரித்தால், சிரிக்காதவருக்கு அதை இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.

'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்பது அழைப்பு அல்ல, அறிவிப்பு. அழைப்பில் நாள், நேரம், வேலை, எல்லாவற்றுக்கும் மேலாக அழைக்கப்படுகிறவர் பெயர் இருக்க வேண்டும். 'சனிக்கிழமை நாலு மணிக்குப் புத்தகங்களை அடுக்கப் போகிறேன். நீங்களும் வாருங்களேன், ஒரு மணி நேர வேலை.' வர முடியாது என்று சொன்னால் இன்னும் இரண்டு முறையாவது, வேறு வேறு நாளில் கேளுங்கள். முதல் மறுப்பு பெரும்பாலும் 'ஒப்புக்குக் கேட்கிறார்களோ' என்ற சந்தேகத்துக்குச் சொல்லப்படுகிற பதில்.

அவரிடம் நேராகப் பேசுவது எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மற்றவர்கள் முன்னால் வேண்டவே வேண்டாம். 'ஏன் எப்போதும் அமைதியாக இருக்கிறீர்கள்?' என்ற கேள்வியும் வேண்டாம். அது குற்றச்சாட்டாக விழும். நடந்துகொண்டே, அல்லது ஏதாவது எடுத்து வைத்துக்கொண்டே, பத்து நிமிடம். நீங்கள் பார்த்த ஒன்றைச் சொல்லித் தொடங்குங்கள்: 'அன்று நீங்கள் சொல்ல வந்ததை நாங்கள் கேட்காமல் தாண்டிவிட்டோம். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.' அவர் 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வார். ஏற்றுக்கொள்ளுங்கள், தோண்டாதீர்கள். இரண்டு வாரம் கழித்து, அவர் இடையில் சொன்ன ஏதோ ஒரு சின்ன விஷயத்தை நினைவு வைத்துக் கேளுங்கள். கதவு திறந்தால் அப்போதுதான் திறக்கும்.

மனம் திறக்கும் அமர்வு என்று ஒரே மாலையில் எல்லாரையும் அழவைக்கிற வழக்கத்தை நாங்கள் எதிர்க்கிறோம். நெருக்கம் படிப்படியாக, மாற்றி மாற்றி வளர்கிறது. ஆர்தர் ஏரன் குழுவினர் 1997-ல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில் 36 கேள்விகள் மூன்று அடுக்காக, மேலோட்டமானதிலிருந்து ஆழமானதுக்கு, சுமார் 45 நிமிடத்தில் கேட்கப்பட்டன. அதன் உயிர்நாடி, இருவரும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னது. ஒருவர் கொட்ட மற்றவர்கள் கேட்பதில் அந்தச் சமநிலை கிடையாது. கொட்டியவர் மறுநாள் வெட்கப்படுகிறார், எல்லாரும் தன்னை வேறு மாதிரிப் பார்ப்பதாக நினைத்து மறைந்துவிடுகிறார். அப்படி ஏதாவது நடந்துவிட்டால், மறுநாள் காலையே ஒரு செய்தி அனுப்புங்கள்: 'நேற்று நீங்கள் சொன்னது எங்களோடு பத்திரமாக இருக்கிறது. வியாழக்கிழமை பார்ப்போம்.' இவரைப் பார்த்துக்கொள்ள ரகசியமாக ஒரு துணையை நியமிக்கவும் வேண்டாம். ஒரு நாள் தெரியவரும். அதுவரை கிடைத்த அன்பு முழுக்கவும் கடமையாகத் தெரியும்.

சிலர் ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம் கருத்து. குழு முழுவதும் ஒரு பக்கம் தலையாட்டும்போது தானும் ஆட்டிவிட்டு, உள்ளே மறுக்கிறார். இதில் வேடிக்கை இல்லாத ஓர் உண்மை, பக்கத்தில் இருப்பவரும் அப்படியே செய்துகொண்டிருக்கலாம். 1993-ல் டெபோரா ப்ரென்டிஸும் டேல் மில்லரும் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் குடிப்பழக்கத்தைப் பற்றி ஆராய்ந்தபோது, தனக்கு இருக்கிற அளவுக்கு மற்றவர்களுக்கு அதில் சங்கடம் இல்லை என்று பெரும்பாலோர் நினைத்தது தெரிந்தது. சாலமன் ஆஷ் 1950-களில் கோடுகளின் நீளத்தை வைத்துச் செய்த சோதனைகளில், உண்மையைச் சொல்ல இன்னொருவர் இருந்தபோது, கூட்டத்துக்கு இணங்கிப் போவது வெகுவாகக் குறைந்தது. அந்த இன்னொருவராக நீங்கள் இருங்கள். முடிவு எடுக்கும் முன், 'எனக்கே இதில் ஒரு தயக்கம் இருக்கிறது' என்று உண்மையான தயக்கத்தைச் சொல்லுங்கள். இல்லாத தயக்கத்தை நடிக்காதீர்கள்.

ஓரத்தில் இருப்பவர் எல்லாரும் வாடுகிறவர்கள் இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. சிலருக்கு அமைதியாகக் கேட்டுக்கொண்டிருப்பதே நிறைவு. அவர்களைத் தொந்தரவு செய்து பேச வைப்பதும் ஒரு வகை விலக்கல்தான். வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டுத்தான். 'நீங்கள் இப்படி இருப்பது உங்களுக்குச் சௌகரியமா, வேறு எதுவும் வேண்டுமா?' அமைதியில் நிறைவு காண்கிறவர் பெரும்பாலும் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்.

வேண்டுமென்றே ஒருவரை ஒதுக்குவது, பட்டப்பெயர் வைத்துக் குத்துவது நடந்தால், நால்வர் வட்டம் அதற்கு மருந்து இல்லை. செய்கிறவரிடம் நேராகப் பேசி நிறுத்த வேண்டும். அதேபோல, ஒருவர் எந்த இடத்திலும் எதிலும் மகிழ்ச்சி காணாமல், தூக்கமும் உணவும் கெட்டு, வாரக்கணக்கில் இருந்தால் அது குழு தீர்க்கிற விஷயம் அல்ல. மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போக உடன் செல்லுங்கள். 'நான் எல்லாருக்கும் பாரம்', 'நான் இல்லாமல் போனால் யாருக்கும் தெரியாது' என்று சொன்னால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று தெளிவான சொற்களிலேயே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியாக விடாமல், உடனே அவசர உதவியை நாடுங்கள்.

செய்ததற்குப் பலன் இருக்கிறதா என்று பார்க்க, 2004-ல் வெளியான மூன்று கேள்விப் படிவம் போதும்: துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடித் தோன்றுகிறது, விடுபட்டதாக எவ்வளவு அடிக்கடித் தோன்றுகிறது, மற்றவர்களிடமிருந்து ஒதுங்கிப்போனதாக எவ்வளவு அடிக்கடித் தோன்றுகிறது. அபூர்வமாக என்றால் 1, சில நேரம் என்றால் 2, அடிக்கடி என்றால் 3. மொத்தம் 3 முதல் 9 வரை. பெயர் எழுதாமல் வாங்குங்கள். அவை வாழ்க்கை முழுவதையும் பற்றிய கேள்விகள் என்பதால், 'இந்தக் குழுவில் என்னை அறிந்தவர் ஒருவராவது இருக்கிறார்' என்ற ஒரு வரியைச் சேர்த்து ஆம், இல்லை கேளுங்கள். தொடக்கத்தில் ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை. சராசரியைப் பார்க்காதீர்கள். இருபது பேரில் பதினெட்டுப் பேர் நிறைவாக இருந்தால் சராசரி அழகாகத்தான் இருக்கும். 'இல்லை' என்று எழுதியவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணுங்கள். எட்டுப் பேருக்குக் குறைவான குழுவில் இது வேண்டாம், கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அவர்களில் எத்தனையோ பேர் ஏதோ ஒரு குழுவின் பதிவேட்டில் இருப்பார்கள்.

இவ்வளவு செய்தும் சிலர் போய்விடுவார்கள். அப்போது ஒரு வாரத்துக்குள் கூப்பிடுங்கள். திரும்பி வரச் சொல்வதற்காகவும் அல்ல, காரணம் கேட்பதற்காகவும் அல்ல. அவர் இருந்தபோது நீங்கள் கவனித்த ஒன்றைச் சொல்லுங்கள்: அவர் கேட்ட ஒரு கேள்வி, அவர் மட்டும் நினைவு வைத்திருந்த ஒரு பெயர், ஒரு மழை நாளில் அவர் காத்திருந்தது. அப்படிச் சொல்ல உங்களிடம் ஒன்றும் இல்லை என்றால் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, அவரோடு நால்வர் வட்டத்தில் இருந்தவர்களிடம் கேட்டு வாருங்கள், பிறகு கூப்பிடுங்கள்.

அன்புடன்,
மனநல ஆலோசனையிலும் குழுப் பயிற்சியிலும் இருக்கும் சிலர்